அப்புத்தளைக்குப் போனால் மட்டும் அணையும் பெட்டி

ஜீவராணியின் கணினிப் பெட்டி மூன்றாம் முறையாகப் பதுளைக்கு வந்து இறங்கியபோது, ஒளிந்துகொள்ள எங்கேயாவது இடமிருக்கிறதா என்று ஷிராஸ் தன் கணினிக் கடையையே ஒரு சுற்றுப் பார்த்தான். சரக்குக்கே இடமில்லாத கடை. முதலாளி எங்கே ஒளிவது?

ஜீவராணி அப்புத்தளையில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டிக் கொடுப்பவள். ஊவா மாகாணம் முழுவதிலும் உள்ள ஸ்டூடியோக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் அவள் சொன்னால் சொன்னதுதான். முந்திய வருடம் ஒரு லென்ஸ் கடையைப் பற்றி அவள் அதில் குறை பேசி அனுப்பினாள். இப்போது அந்தக் கடையில் செருப்பு விற்கிறார்கள். ஷிராஸின் வியாபாரத்தில் பாதி ஸ்டூடியோக்காரர்களால் ஓடுவது. செருப்பு விற்கும் ஆசை அவனுக்கு இல்லை.

முதல் முறை வந்தபோது விஷயம் சாதாரணமாகத்தான் இருந்தது. பெரிய வீடியோ ஓடும்போது பெட்டி சூடேறி அணைந்துவிடுகிறது. உள்ளே பார்த்தால் பின்பக்கம் ஒரே ஒரு ஃபேன், அதுவும் முனகிக்கொண்டு. ஷிராஸ் கலர் லைட் எரியும் ஃபேன்களை எடுத்து மேசையில் பரப்பினான். அவனை அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிடும் ஜீவராணி அவற்றைத் தள்ளிவைத்தாள்.

"லைட்டு எதுக்கு நானா? பெட்டிக்குள்ள என்ன கல்யாணமா நடக்குது? காத்துக்கு மட்டும் வெல சொல்லுங்க."

"தங்கச்சி, லைட் சும்மா வாறது. காத்துக்குத்தான் வெல."

"சும்மா வர்றத நீங்களே வச்சுக்கிட்டு மிச்சத்துக்கு வெல சொல்லுங்க."

பேரம் பேசியே வளர்ந்த பரம்பரை அவனுடையது. அப்படியிருந்தும் அன்றைக்கு லைட் இல்லாத ஃபேன்கள் மூன்றை, விற்க நினைத்த விலைக்குக் கீழே கொடுத்துவிட்டுத்தான் மூச்சுவிட்டான். ஆனால் வேலையில் கஞ்சத்தனம் செய்யவில்லை. முன்பக்கம் இரண்டு, வெளிக்காற்றை உள்ளே இழுக்க. பழசைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒன்றை மாட்டப் போனவன், சூடு மேலேதானே ஏறும் என்று யோசித்து, மூன்றாவதைப் பெட்டியின் தலையில் இருந்த கம்பிவலைக்கு அடியில் பூட்டினான். ஊதுபத்தி கொளுத்திப் புகை முன்னால் நுழைந்து மேலே கிளம்புவதைக் காட்டினான். "பார் தங்கச்சி, ஃபெக்டரி புகைக்கூண்டு மாதிரி."

ஒரு வாரத்தில் பெட்டி திரும்பி வந்தது. முன்னைவிட மோசம் என்றாள். தலையில் இன்னொரு ஃபேன், அதுவும் பெரியதாக, காசு வாங்காமலே போட்டான். அதற்கும் அடுத்த வாரம் இதோ, மறுபடியும்.

இந்த முறை கடையிலேயே காலையிலிருந்து ஓடவிட்டான். வெயிலோ பதுளை வெயில், கடைத்தகரம் கொதித்தது. பெட்டி மட்டும் குளத்தில் இறங்கிய எருமை மாதிரி நிம்மதியாக ஓடியது.

"இங்க நல்லாத்தானே ஓடுது?"

"அப்ப நான் பொய் சொல்றேனா நானா? இங்க வந்தா ஒங்களுக்குப் பயந்து ஓடுது போல. ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுப்பேன். பொறகு குழுவில பேசத்தான் வேணும்."

சனிக்கிழமையே கடையைப் பூட்டிவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஷிராஸும் அவளோடு பஸ் ஏறினான்.

அப்புத்தளையில் மூடுபனி கதவு தட்டாமல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. இந்தக் குளிரில் ஒரு பெட்டி எப்படிச் சூடேறும்? மூலையில் அதன் இடத்தில் வைத்து வீடியோவை ஓடவிட்டார்கள். ஷிராஸ் ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு தேநீர் குடித்தான். பெட்டி ஒழுங்காக ஓடியது. அப்போதுதான் ஜீவராணியின் கணவன் நிமலன் வேலை முடிந்து வந்தான். தோட்டத்தில் கணக்கப்பிள்ளை, நாள் முழுதும் ஈரத் தேயிலைக்குள் நடப்பவன். "வாங்க நானா" என்றான். மேஸ் என்று அவர்கள் சொல்லும், முழங்கால் வரை நீண்ட காலுறைகளைக் கழற்றினான், வாசலில் பிழிந்தான், நேரே வந்து பெட்டியின் தலையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தான். அதற்கு மேல் நனைந்த ஸ்வெட்டர். பிறகு துவாயைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

ஷிராஸின் தேநீர் பாதி வழியில் நின்றது.

"தங்கச்சி... இது என்னா?"

"எது?" ஜீவராணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஓ, மேஸா? இந்த மழையில வேற எங்க காயும்? முந்தி போட்டா சரியா காயாது. நீங்க மேல ஃபேன் வச்சீங்க பாருங்க, அதுல இருந்து மேஸு நல்லா காஞ்சிச்சு. ரெண்டாவது வச்ச பொறகு ஸ்வெட்டரே காயுது. அதுல ஒங்கள கொற சொல்ல மாட்டேன்."

கொஞ்ச நேரத்தில், ஈரத்துணி அடைத்த வலைக்கு அடியில் ஃபேன்களின் சத்தம் கம்மியது, திணறியது. திரை கறுத்தது.

"பாத்தீங்களா!" என்றாள் ஜீவராணி, வழக்கை வென்றவள் மாதிரி.

சிரிப்பு ஷிராஸின் தொண்டை வரை வந்துவிட்டது. அதைத் தேநீரோடு சேர்த்து விழுங்கினான். இப்போது சிரித்தால் இந்த வீட்டோடு போகாது, வெலிமடை வரைக்கும் கேட்கும். புருஷன் இருக்கும்போது பொண்டாட்டியின் பிழையைச் சொன்ன கடைக்காரன் அதோடு செருப்புக் கடைக்காரன்தான்.

"பிழை என்னோடதுதான் தங்கச்சி," என்றான், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. "அப்புத்தளைக் குளிருக்குப் பதுளைக் கணக்குல ஃபேன் வச்சிட்டேன்."

ஈரத்துணிகளைப் பக்குவமாக எடுத்து நாற்காலியில் போட்டான். தலையிலிருந்த இரண்டு ஃபேன்களையும் கழற்றினான். பெரியதைப் பின்பக்கத்தில், காற்று வெளியே போகும்படி மாட்டினான். மேல் வலையை அட்டை வெட்டி மூடி, அதன் மேல் ஒரு சாமி படத்தை வைக்கச் சொன்னான். சாமி தலையில் யாரும் மேஸ் போட மாட்டார்கள். பெட்டியைச் சுவரிலிருந்து நன்றாக முன்னால் இழுத்தான். பின்னால், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், சுவரோரமாக ஒரு கயிறு கட்டி மேஸைத் தொங்கவிட்டான். சூடு பின்னால் ஊதியது, மேஸ் ஆடியது, வீடியோ நிற்காமல் ஓடி முடிந்தது.

ஜீவராணி பெட்டியைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். நாற்காலியில் கிடந்த ஸ்வெட்டரைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது ஷிராஸுக்கும் புரிந்தது.

"அப்ப மேல இருந்த சின்ன ஃபேன் மிச்சம்," என்றாள். "பிழை ஒங்களோடதுன்னு நீங்களே சொன்னீங்க. அந்தக் காச எடுங்க."

ஷிராஸ் எடுத்துக் கொடுத்தான். அந்தக் காசை வாங்கி எண்ணியபடியே, மறு கையால் தொலைபேசியை வாய்க்கு நேரே பிடித்தாள்.

"எல்லாரும் கேளுங்க. ஷிராஸ் நானா வீடு தேடி வந்து, பிழைய ஒத்துக்கிட்டு, காசயும் திருப்பித் தந்துட்டாரு. இப்படி ஒரு கடைக்காரர நான் பாத்ததே இல்ல. கொம்பியூட்டர் ஜில்லுன்னு இருக்கு. மேஸும் காயுது."

பஸ் தியத்தலாவை தாண்டுவதற்குள் அவனுடைய தொலைபேசி அடித்தது. பண்டாரவளை ஸ்டூடியோக்காரர் ஒருவர்.

"நானா, அந்த மேஸ் காயிற மாடல் ஒண்ணு வேணுமே. இருக்கா?"

ஷிராஸ் ஜன்னல் பக்கம் திரும்பி, அந்தக் கேள்வியை ஒரு வியாபாரி யோசிக்க வேண்டிய அளவுக்கு மட்டும் யோசித்தான்.

"ஈக்கு, இல்லாமலா?" என்றான். "கயிறு மட்டும் தனி விலை."