யார் வூட்டு ரத்தம்

டாக்டரம்மா விஜயராஜைப் பார்த்துத்தான் சொன்னார். "உங்களுக்கும் இருக்குப்பா. ரெண்டு பேர்கிட்டயும் அந்தக் குறை பாதி பாதியா இருக்கு. உங்கள ஒண்ணும் செய்யாது. ரெண்டு பாதியும் ஒரே குழந்தைக்குப் போனாத்தான் தலசீமியா. உங்க பொண்ணுக்கு அப்படித்தான் வந்திருக்கு." அவன் மனைவி ரோஸ்லின் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் சீக்கிரம் சோதனை பார்க்கவேண்டும் என்றார். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் கல்யாணத்துக்கு முன்பே ரத்தத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள் என்றும் சொன்னார்.

ரோஸ்லினுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, சந்தோஷம். அதை நினைக்க அவளுக்கே கூசியது. மகள் ஷெரினுக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்ற ஆரம்பித்ததிலிருந்து, "எங்க பரம்பரையில எவனுக்கும் இப்டி இல்ல, இது உன் வூட்டு ரத்தம்" என்று மாமியார் சொல்லாத நாளில்லை. ரோஸ்லினை மட்டும் பரிசோதித்து, இருக்கிறது என்று வந்தபோது அந்தப் பேச்சுக்கு முத்திரை குத்தினாற்போல் ஆயிற்று. விஜயராஜ் தன் ரத்தத்தைச் சோதிக்கக் கை நீட்டுவதற்கு, அவள் மறுபடி உண்டாகவேண்டியிருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில், வில்லியனூர் தாண்டி, ஒதியம்பட்டுக்குத் திரும்புமுன் அவன் வண்டியை ஓரம் கட்டினான்.

"அம்மாகிட்ட இப்ப சொல்ல வாணாம். மேரி கல்யாணம் முடியட்டும்."

ஜெபமேரி அவன் தங்கை. தாய்மாமன் மகனுக்கே பேசி முடித்து, மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"அவங்க ரெண்டு பேருக்கும் இருந்தா?"

"அதெல்லாம் நமக்கெதுக்கு?"

வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்த மாமியார் தலையைத் தூக்கினாள். "இன்னாடா சொன்னாங்க?"

"எனக்கு ஒண்ணுமில்லியாம்மா."

மாமியார் ரோஸ்லினைப் பார்த்தாள். கையிலிருந்த செதிலை உதறினாள். அவன் சொல்லாமல் இருப்பான் என்றுதான் ரோஸ்லின் நினைத்திருந்தாள். பொய் சொல்வான் என்று நினைக்கவில்லை.

உள்ளே ஜெபமேரி கல்யாணப் புடவையைப் பிரித்து ஷெரினுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"மேரி, நீயும் உன் மாப்ளயும் ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துடுங்க."

"எதுக்கு அண்ணி?"

"உங்க அண்ணனுக்கும் கீது. பொய் சொல்றாரு."

மாமியார் மீன் கையோடு வந்தாள். "நல்ல காரியம் நடக்கற வூட்டுல பேசற பேச்சா இது? உனக்குப் பொறந்த மாதிரியே அவளுக்கும் பொறக்கணுமா? வயித்தெரிச்சல்டி உனக்கு."

ரோஸ்லின் கணவனைப் பார்த்தாள். "சொல்லுங்க."

அவன் செல்போனில் எதையோ தேடினான். "பயத்துல இன்னான்னவோ பேசறாம்மா."

ஜெபமேரி, ஷெரின் பிடித்திருந்த முந்தானையை மெல்ல இழுத்துக்கொண்டாள். குழந்தை, விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது. அத்தனை பேச்சையும்விட அதுதான் ரோஸ்லினுக்குத் தாங்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். எங்கே போவது என்று தெரியாமல் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தாள்.

ஜன்னல் திறந்திருந்தது. ஜெபமேரி பீரோ கண்ணாடி முன் நின்று, கீழ் இமையை விரலால் இழுத்து, உள்சிவப்பை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். புடவையை மடித்து வைக்கச் சொல்லி அவள் அம்மா கூப்பிட்டாள். அவள் அடுத்த கண்ணையும் இழுத்தாள்.