தண்ணீர் ஊற்றக் கூடாத கன்றுகள்

கன்றுகளைச் சுற்றி முடி கிடந்தது. மனிதத் தலைமுடிதான். கருப்பும் நரையும் செம்பட்டையும் கலந்து, ஒவ்வொரு கன்றின் அடியிலும் வட்டமாகத் தூவியிருந்தது. மண்ணைத் தொட்டால் ஈரம். காய்ச்சலில் படுத்துக் கிடந்துவிட்டு அன்றைக்குத்தான் எழுந்து வந்தவள் ஒரு பிடி முடியை அள்ளிப் பார்த்தாள். ஊரில் எத்தனையோ முடிதிருத்தகங்கள் இருக்கலாம். ஆனால் வெட்டிய முடியை மூட்டை கட்டி, அரசுப் பல்கலைக்கழகத்தின் பின்பக்கச் சரிவு வரைக்கும் சுமந்து வரக்கூடிய ஆள் ஒருவர்தான். அவர் அவளுடைய வீட்டுக்காரர்.

பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, இந்த வயதில் இயற்கை வளப் பாதுகாப்பு படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று, அவர் கத்திரியைக் கீழே வைக்காமலே சிரித்தார். "காட்டைப் பாதுகாக்க நீ போயிட்டா வீட்டை யாரு பாதுகாக்கறது?" என்றார். அதற்கப்புறம் தடுக்கவும் இல்லை, என்ன படிக்கிறாய் என்று கேட்கவும் இல்லை. அந்த மௌனத்தோடுதான் அவள் கடைசிப் பருவம் வரைக்கும் வந்திருந்தாள். ஒரே ஒரு தடவை இந்தச் சரிவுக்கு அவரைக் கூட்டி வந்தாள். கட்டடம் கட்ட மேல்மண்ணை வாரிக்கொண்டு போய்விட்ட இடம். "சுத்த வழுக்கை. இதுல எங்க முளைக்கப் போவுது?" என்று தொழில்முறையில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். முளைக்கும் என்று காட்டுவதுதான் அவளுடைய ஆய்வே. சரிவின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கன்றுகள். இடது பக்கம் பிறை வடிவ வரப்பு கட்டிச் சருகு மூடினாள். வலது பக்கத்தை அப்படியே விட்டாள். இரண்டுக்கும் தண்ணீர் கிடையாது. எது கோடையைத் தாண்டுகிறது என்று பார்க்க வேண்டும். இப்போதோ, கீழே நின்று பார்த்த வரைக்கும், வலது பக்கம் தளதளவென்று துளிர் விட்டு நின்றது.

அவருடைய முடிதிருத்தும் கடைக்குள் அவள் நுழைந்தபோது ஒருவர் முகம் நிறைய நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"ஏங்க, அந்தச் சரிவுக்குப் போனீங்களா?"

வீட்டுக்காரர் முகத்தில் வெட்கமும் பெருமையும் ஒன்றாக வந்தன. "காய்ச்சல்ல செடி செடின்னு பொலம்பின. போய்ப் பாத்தேன். ஒரு பக்கம் ராஜா மாதிரி இருக்கு, இன்னொரு பக்கம் நாதியத்துக் கெடக்கு. மனசு கேக்கல. தெனமும் கேன்ல தண்ணி கொண்டு போய் ஊத்தினேன். முடி நல்ல உரமாம், அதையும் போட்டேன். பச்சையாயிடுச்சுல்ல?"

"அது வாடணுங்க! அது வாடினாதானே இது எதனால பொழைச்சுதுன்னு தெரியும்!"

சவரக்கத்தி அந்தரத்தில் நின்றது. "ஐயோ பாவம்" என்றார் நுரைக்குள்ளிருந்தவர். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

"இப்ப என்ன ஆகும்?" என்றார் வீட்டுக்காரர்.

"அடுத்த கோடை வரைக்கும் காத்திருந்து முதல்லருந்து செய்யணும்."

அவர் கத்தியை மேசையில் வைத்துவிட்டார். நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் அவள் வந்தாள். ஆனால் ஒரு வார்த்தை கேட்காத படிப்புக்காக இந்த மனிதர் தினமும் தண்ணீர் சுமந்திருக்கிறார். அழுகை வந்தது. எதற்கென்று பிரிக்க முடியாத அழுகை.

மறுநாள் பேராசிரியையோடு சரிவுக்குப் போனபோது அவரும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்தார். அவள் மகள் வயதுதான் பேராசிரியைக்கு. முடியைப் பார்த்து உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"ஐயா, உச்சி வரைக்கும் ஊத்தினீங்களா?"

"இல்லம்மா." அவர் தலை குனிந்தார். "பாதிக்கு மேல ஏற முடியல. நாள் பூரா நின்னு வேலை பாக்கற காலு, முட்டி விடல. மேல இருக்கறதுங்களுக்கு ஒரு சொட்டு கூடக் குடுக்கல. தப்புதான்."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நொடி இருவரும் மேலே ஓடினார்கள். அங்கே மண் வெடித்துக் கிடந்தது. முடி இல்லை, ஈரம் இல்லை. கீழே ஊற்றிய தண்ணீர் மேலேயா ஏறும்?

"ரெண்டு பக்கமும் மேல் பாதியை மட்டும் கணக்குல எடுத்துக்குங்க," என்றாள் பேராசிரியை. "கொஞ்சம்தான், ஆனா போதும். கீழ நடந்ததையும் ஒளிக்காம எழுதுங்க."

"உங்க முட்டிதான் என்னைக் காப்பாத்துச்சு!" என்று அவள் கீழே பார்த்துக் கத்தினாள். தைலத்துக்கு அடங்காத அந்த முட்டியை அவர் சந்தேகத்தோடு தடவிப் பார்த்தார்.

பேராசிரியை வகுப்புக்குக் கிளம்பியதும் அவள் அவரிடம் தாளையும் பென்சிலையும் கொடுத்தாள். அவள் மேலிருந்து சொல்லச் சொல்ல அவர் கீழே நின்று குறிக்க வேண்டும். இடது பக்கம் முழுக்க "உயிர், உயிர்" என்றே வந்தது. அவர் உற்சாகமாகக் கோடு போட்டார். வலது பக்கம் வந்ததும் "காஞ்சது, காஞ்சது" என்று அவள் குரல் இறங்கியது. அவரும் மெதுவாகவே குறித்தார். உச்சியில் ஒற்றைக் கன்று, குச்சி மாதிரி நின்றது.

"காஞ்சது."

பென்சில் அசையவில்லை. "நல்லாப் பாரும்மா," என்றார் கீழேயிருந்து.

அவள் ஆய்வுக்கு அது செத்திருந்தால்தான் நல்லது. ஆனாலும் மண்டியிட்டு உட்கார்ந்து, தண்டை நகத்தால் மெல்லக் கீறினாள். சாம்பல் நிறப் பட்டைக்கு அடியில் நூலளவு பச்சை.

"உயிர் இருக்குங்க!"

கீழே, முடியும் ஈரமுமான மண்ணில், அவர் தாளோடு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்.