நாவலில் இல்லாத காட்சி

...முடி, முதலில் அந்த முடியைச் சொல்ல வேண்டும், இடுப்பு வரைக்கும் தொங்குகிறது, இருநூறு வருஷப் பயணம் கிளம்பிய கப்பலில், குடிக்கிற தண்ணீரையே கரண்டியால் அளந்து ஊற்றுகிற கப்பலில், கேப்டன் ஓரா வெஸ்க் இத்தனை முடியை வைத்துக்கொண்டு எந்தத் தண்ணீரில் தலைக்குக் குளிக்கிறாளாம்? 'இருநூறு குளிர்காலம்' நாவலில் இரண்டாம் பக்கத்திலேயே மொட்டை அடித்துக்கொள்கிறாள், அதுதானே அந்தப் பெண் யாரென்று சொல்கிற இடம், அதை விட்டுவிட்டு இவர்கள் காற்றே இல்லாத இடத்தில் கூந்தலைப் பறக்கவிட்டுக் காட்டுகிறார்கள், இந்தத் தொடரை எடுத்தவர்களில் ஒருத்தனாவது புத்தகத்தைப் பிரித்திருப்பானா, ரைலிக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஆறாவது பகுதி இது. ஐந்து பகுதிகளாக இதே எரிச்சல்தான், இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி அடித்தால் தண்டர் பே நகரில் இவள் மடிக்கணினியைத் திறந்து, ஒன்று, இரண்டு, மூன்று, அழுத்துங்கள் என்று எழுதினால்தான் நாலாயிரம் பேரும் ஒரே நேரத்தில் பார்க்கத் தொடங்குவார்கள், ஹாலிஃபாக்ஸிலும் விக்டோரியாவிலும் அவரவர் வீட்டில் அவரவர் சோபாவில். இருபத்திரண்டு வருஷமாக இந்த இணையக் குழுவைக் கட்டி மேய்க்கிறவள் அவள். பக்கத்தில் மர்ரே, முப்பத்தாறு வருஷப் புருஷன், நாவலின் அட்டையைக்கூடத் தொட்டவன் இல்லை, வீங்கின முழங்காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, இளஞ்சிவப்புப் பூச்சு வைத்த பெர்ஷியன் பன்னைத் தின்றபடி, "யாரு இவ? போன வாரம் செத்துப்போனாளே அவளா?" என்கிறான். அவள் வேறு, இவள் வேறு. "ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு, நான் என்ன பண்ண? ஆனா ஒண்ணு ரைலி, படம் நல்லாத்தான் இருக்கு." நல்லாத்தான் இருக்காம். அவன் சட்டையெல்லாம் பூச்சு ஒட்டிக்கிடந்தது.

போதாக்குறைக்குச் சரியாக இரண்டேகாலுக்கு போன் அடிக்கிறது, தார்யா. கால்கரியில் அப்போது மணி பன்னிரண்டேகால், ஞாயிற்றுக்கிழமை இரண்டிலிருந்து மூன்று அம்மா யாருடனும் பேசமாட்டாள் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாதா, போனைக் கவிழ்த்து வை என்பது குழுவின் முதல் விதி, அதை எழுதினவளே மீறினால் மற்றவர்கள் மதிப்பார்களா, துண்டித்தாள், கவிழ்த்து வைத்தாள். "யாரு?" என்றான் மர்ரே. "உம் பொண்ணுதான்." "எடுத்திருக்கலாம்ல?" "நாப்பது நிமிஷம் பொறுக்க முடியாதா அவளால?" சொன்ன பிறகு வாய்க்குள் என்னவோ கசந்தது, வருகிற வியாழக்கிழமை அவளுக்குக் கழுத்தில் அறுவைச் சிகிச்சை, தைராய்டில் சின்னக் கட்டி, பயப்பட ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், இவளும் அதையேதான் சொன்னாள், அதற்கு தார்யா, பயம்னு இல்லம்மா, ஒரு பத்து நாள் வந்து கூட இரேன் என்றாள், ஞாயித்துக்கிழமை சொல்றேன்டி என்றாள் இவள். இன்றைக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை. போகக் கூடாது என்றில்லை, மர்ரேயின் முழங்கால் இருக்கிறது, அடுத்த வாரம் கடைசிப் பகுதி வேறு, இவள் இல்லாவிட்டால் குழுவில் ஒருத்தரையொருத்தர் கடித்துக் குதறிவிடுவார்கள், தவிர தார்யாவுடன் மார்கஸ் இருக்கிறான், நல்ல பையன், சூப் வைக்கத் தெரிந்தவன்... இதெல்லாம் காரணமா? மூன்றாம் நாள் சண்டை வந்துவிடும் என்பதுதான் காரணம், எப்போது போனாலும் மூன்றாம் நாள், கதவைச் சாத்திக்கொண்டு அவள் அந்தப் பக்கம், இவள் இந்தப் பக்கம், எதற்கென்றே தெரியாத சண்டை. சரி, படம் முடியட்டும், பிறகு யோசிக்கலாம் என்று திரையைப் பார்த்தாள்.

அப்போதுதான் அந்தக் காட்சி வந்தது, இதற்காகத்தான் ஆறு வாரம் காத்திருந்தாள், பதினான்காம் அத்தியாயம், கப்பல் வானொலி எல்லையைத் தாண்டப்போகிறது, பூமியிலேயே தங்கிவிட்ட மகள் நீமாவின் குரல் இன்னும் பதினோரு நிமிடம்தான் எட்டும், அப்புறம் என்றைக்கும் எட்டாது, ஓரா கட்டுப்பாட்டு அறையில் தனியாக உட்கார்ந்து பதில் ஒன்றும் சொல்லாமல் பதினோரு நிமிடமும் கேட்பாள், கடைசிச் சொல் இரைச்சலில் கரைகிற வரைக்கும் கேட்பாள், பிறகு எழுந்து வேலைக்குப் போவாள், ரைலி பத்தொன்பது வயதில் பேருந்து நிலைய பெஞ்சில் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதவள். திரையில் மகள் பேசுகிறாள், பரவாயில்லை, அந்தச் சின்னப்பெண் நன்றாகவே நடிக்கிறாள், குழுவில்கூட எல்லோரும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள், மர்ரே மெல்லுவதை நிறுத்திவிட்டான், கூந்தல்காரி கேட்கிறாள், கேட்கிறாள், நான்காவது நிமிடத்தில் கையை நீட்டி விசையை அணைக்கிறாள். அணைத்தே விட்டாள்! மகள் அங்கே பாதி வாக்கியத்தில் நிற்கிறாள், இவள் பாட்டுக்கு எழுந்து போகிறாள். "அடிப்பாவி" என்று வாய்விட்டுக் கத்தினாள் ரைலி, மர்ரே பயந்துபோய்த் திரும்பிப் பார்த்து, "ஏன், நடக்கிறதுதானே? அந்தம்மாவுக்கு வேல இருக்குதுல்ல" என்றான். அவனிடம் என்ன பேசுவது, விரல்கள் தாமாகவே தட்டின. நாவலில் இல்லாத காட்சி, சுத்தப் புளுகு, எங்கள் ஓரா கடைசிவரை கேட்டவள், பதினான்காம் அத்தியாயம், பக்கம் நூற்று எண்பத்தெட்டு, இதை எழுதினவனுக்குத் தாயும் இல்லை, வெட்கமும் இல்லை. அனுப்பிவிட்டாள். சடசடவென்று ஆமோதிப்புகள் வந்து விழுந்தன, வெட்கக்கேடு, நாசமாக்கிவிட்டார்கள், ரைலி சொன்னால் சரியாகத்தான் இருக்கும், யாரோ ஒருத்தி அழுகிற முகமாகவே பத்து போட்டிருந்தாள். சூடு அப்படியே உடம்பெல்லாம் பரவியது, நன்றாகத்தான் இருந்தது அது.

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது மூஸ் ஜா ஊரிலிருந்து லார்ன் எழுதியிருந்தான், எட்டு வருஷமாக இவளுடன் மல்லுக்கட்டுகிறவன், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், வழக்கமாகக் குதர்க்கமாக எழுதுகிறவன் இன்றைக்கு மிகவும் மரியாதையாக எழுதியிருந்தான். "ரைலி, ஒருதடவ புத்தகத்த எடுத்துப் பாருங்க. அவசரமே இல்ல." கீழே ஒரு பக்கத்தின் படம். படத்தைத் திறக்கவில்லை அவள், எதற்குத் திறக்க, அவன் வைத்திருப்பது ஏதாவது பிற்பாடு வந்த பதிப்பாக இருக்கும், எவனாவது கைவைத்திருப்பான். ஆனால் குழுவில் ஒரு வழக்கம் உண்டு, அதை ஏற்படுத்தினவளும் இவள்தான், நாவலில் இல்லை என்று அடித்துச் சொல்லி அது இருந்துவிட்டால், சொன்னவர் ஒரு வாரத்துக்குத் தன் பெயருக்கு முன்னால் 'அட்டையை மட்டும் படித்தவர்' என்று போட்டுக்கொள்ள வேண்டும், இருப்பதாகச் சொல்லி இல்லாவிட்டாலும் அதே கதிதான், லார்னுக்கு இந்தப் பட்டத்தை மூன்று முறை மாட்டியிருக்கிறாள், கல்லூரிப் பேராசிரியை ஒருத்திக்கு மாட்டி அவள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள், சொந்த மகளுக்கே மாட்டியவள் நான் என்று எத்தனை முறை பெருமையடித்திருக்கிறாள்... தார்யாவுக்கு அப்போது பதினாறு. அம்மா படிக்கிற புத்தகம் என்று அம்மாவுக்குச் சொல்லாமலே படித்து, கள்ளப் பெயரில் குழுவில் சேர்ந்து, முதல் முதலாக ஒன்று எழுதினாள், மேல்மாடியில் அவள் தட்டுவது கீழே சமையலறையில் இருந்த இவளுக்குக் கேட்டது, யாரென்று தெரியாமலா போகும். என்ன எழுதினாள்? என்னவோ தப்பாக எழுதினாள், இல்லாத ஒன்றை... மகள் பேசும்போதே அணைத்துவிடுகிற ஒருத்தியை நீங்கள் எல்லோரும் ஏன் இப்படிக் கொண்டாடுகிறீர்கள், என்றுதானே? என்றுதான். ரைலியின் கை மடிக்கணினியின் மேலேயே நின்றது. அப்படி ஒரு காட்சியே கிடையாது, புத்தகத்தைப் படித்துவிட்டு வா என்று பதில் எழுதினாள் இவள், பட்டத்தை மாட்டினாள், இரண்டு பேர், இல்லை ரைலி, ஆனால்... என்று ஆரம்பித்தபோது அந்த விவாதத்தையே பூட்டிவிட்டாள். மறுநாள் காலை அப்பளம் போல் முறுகிப்போன டோஸ்டைக் கடித்துக்கொண்டே தார்யா பள்ளிக்குக் கிளம்பிவிட்டாள். குழுவுக்கு அப்புறம் வரவே இல்லை.

எழுந்தாள். மாடிக்குப் போகிற வழியில்தான் அலமாரி, அதில் நாவல் பதினொரு பிரதிகள், பின்லாந்து மொழியில்கூட ஒன்று, படிப்பதற்கென்று இருப்பது ஒன்றே ஒன்று, முதுகு கிழிந்து நாடா ஒட்டினது, அதைக் கடைசியாக எப்போது திறந்தாள்? தினமும் அதைப் பற்றிப் பேசுகிறாள், எழுதுகிறாள், பக்க எண் சொல்கிறாள், திறந்து எத்தனை வருஷம் ஆகிறது, பத்து? பதினைந்து? திறந்தபோதும் இந்த அத்தியாயத்தைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறாள், மனப்பாடம்தானே என்று. நூற்று எண்பத்தெட்டு. பதினோரு நிமிடம், ஆமாம், இருக்கிறது. நீமாவின் குரல், அம்மா, இங்கே மழை பெய்கிறது, ஆமாம். நான்காவது நிமிடத்தில் ஓரா கை நீட்டி விசையை அணைத்தாள், அவளுக்குச் செய்ய வேலை இருந்தது. அவ்வளவுதான், அடுத்த வரியில் எரிபொருள் கணக்கு வந்துவிடுகிறது. ரைலி விரலால் தடவித் தடவிப் பார்த்தாள், அச்சு, பழைய அச்சு, யாரும் கைவைக்காத அச்சு. அந்த வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், பச்சை மையில், பத்தொன்பது வயசுக் கையெழுத்து, கோழி கிளறினது போல, கோபத்தில் காகிதம் பொத்தலாகிற மாதிரி அழுத்தி எழுதினது: நானாக இருந்தால் கடைசி விநாடி வரை கேட்டிருப்பேன். அட கடவுளே, இதையா... இதையா நாற்பத்திரண்டு வருஷமாக நாவல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், எழுதினவர் எழுதாததை, நான் ஓரத்தில் எழுதினதை, இதற்காகவா நாலாயிரம் பேரிடம் சண்டை, இதற்காகவா அந்தக் குழந்தையை... பதினாறு வயதில் படித்தாளே, ஒழுங்காகப் படித்தாளே, இந்த வீட்டில் அந்தப் புத்தகத்தை ஒழுங்காகப் படித்தவள் அவள் ஒருத்திதான். அலமாரிக்குப் பக்கத்திலிருந்த படியிலேயே உட்கார்ந்துவிட்டாள், அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது, அழுகையைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது.

போன் கையில்தான் இருந்தது, எப்போது எடுத்துக்கொண்டு வந்தாள் என்று தெரியவில்லை. குரல் செய்தி ஒன்று, மூன்று நிமிடம் நாற்பது விநாடி, இத்தனை நேரம் என்ன பேசுவாள், தார்யாவின் குரல் செய்திகளை முழுக்கக் கேட்கிற வழக்கம் இவளுக்கு இல்லை, முதல் இரண்டு வாக்கியத்திலேயே விஷயம் புரிந்துவிடும், நிறுத்திவிட்டுப் பதில் அனுப்பிவிடுவாள், அதுதான் சுருக்கம்... இன்றைக்கு ஸ்பீக்கரில் போட்டு, காதில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். "அம்மா, நான்தான். பாத்துட்டு இருப்பன்னு தெரியும், கட் பண்ணுவன்னும் தெரியும், பரவால்ல, சும்மா பேசிட்டுப் போறேன்..." பரவாயில்லையாம். பரவாயில்லை என்று எந்த வயதில் சொல்லக் கற்றுக்கொண்டாள் அந்தப் பெண், குழுவில் எப்படி எழுதுவது, தவறு என்னுடையது என்று ஒரே வரியில் எழுதிவிடலாம், பட்டத்தைத் தனக்குத் தானே மாட்டிக்கொண்டால் லார்ன் ஒன்றும் சொல்லமாட்டான், அதுதான் தாங்காது, ஒரு வாரம் போதுமா, பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் பூட்டின விவாதத்தைத் திறந்து அந்தக் கள்ளப் பெயருக்குக் கீழே மன்னிப்பு எழுதினால் தார்யா அதைப் பார்ப்பாளா, எங்கே பார்க்கப்போகிறாள், மார்கஸிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லலாமா, நேரில் போய்ச் சொன்னால்... கால்கரிக்கு நாளைக்கு விமானம் இருக்குமா, வின்னிபெக்கில் மாற வேண்டியிருக்கும், மூன்றாம் நாள் சண்டையில் இதுவும் சேர்ந்துகொண்டால் என்ன செய்வது.

"யாரு அது, தார்யாவா?" சோபாவிலிருந்து மர்ரே கத்தினான், முழங்காலோடு எழுந்திருக்கப் பார்க்கிற முனகல் கேட்டது, "என்ன சொல்றா? குரல் ஒரு மாதிரி இருக்கே?" ரைலி குனிந்து பார்த்தாள், இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி ஓடியிருந்தது, மடியில் மகள் பேசிக்கொண்டுதான் இருந்தாள், மழை என்றாளா, பனி என்றாளா, யாரோ வருகிறார்கள் என்றாளா, வரவேண்டாம் என்றாளா, கட்டைவிரல் எப்போது போனதோ நிறுத்துகிற சிவப்புப் புள்ளியின் மேல் தயாராகப் படுத்திருந்தது. விரலை எடுத்தாள். எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"தெரியல, மர்ரே" என்றாள். "இன்னும் கேக்கவே இல்ல."

செய்தி எவ்வளவு ஓடியது என்று காட்டுகிற கோட்டை இடது ஓரத்துக்கு, முதலுக்கே இழுத்துவிட்டுப் போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டாள். அம்மா, நான்தான், என்று மறுபடியும் தொடங்கியது.