ஜன்னல் கட்டில்

"படுடி. கண்ணால பாத்துட்டுத்தான் கிளம்புவேன்" என்றாள் டெய்லரக்கா.

கையில் பெட்டி, தோளில் பை. கீழே வண்டிக்காரன் இரண்டாவது தடவையாக ஹாரன் அடித்தான். இஸ்திரி அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். உடுப்பைக்கூட மாற்றவில்லை. செருப்பை உதறிவிட்டு ஜன்னலோரக் கட்டிலில் மல்லாந்து படுத்தாள். மூன்று பேர் சுற்றி நின்று பார்க்கும்போது படுத்துக் காட்டுவது டாக்டரிடம் வயிற்றைக் காட்டுவது போலக் கூச்சமாக இருந்தது.

"இன்னும் மேல ஏறிப் படு. தலை இங்க வரணும். ம். இப்ப வரும் பாரு."

வந்தது. எதிரே நின்ற இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவில் ஒரு சந்து. மதியத்துக்கு மேல் கடல்காற்று அந்தச் சந்தில் புகுந்து, யாரோ அனுப்பி வைத்ததுபோல நேராக இந்த ஜன்னலுக்கு வரும். கட்டிலின் தலைமாட்டைத் தொட்டதும் அதற்கு மூச்சு வாங்கிவிடும். அடுத்த கட்டில்வரை போகாது. அந்த நகரம் கடலோரத்தில் இருக்கிறது என்பதே அந்த அறையில் அந்த ஒரு கட்டிலுக்குத்தான் தெரியும். மற்ற மூன்றுக்கும் கடல் என்றால் காயாத துணி, துருப்பிடித்த ஆணி, உப்பு பூத்த சுவர்.

"எப்படி?" என்றாள் டெய்லரக்கா.

நெற்றியில் ஒட்டியிருந்த முடி ஒவ்வொன்றாகப் பிரிந்து எழுந்தது. அவள் கண்ணைத் திறப்பதற்குள் பெட்டியின் சக்கரங்கள் படிகளில் தடதடத்து இறங்கிக்கொண்டிருந்தன.

பெண்கள் விடுதியின் மூன்றாவது மாடியில் இருந்த அந்த அறையில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஹோட்டல் சலவைக்கூடத்தில் விரிப்புகளை இஸ்திரி போடுகிறவள் இஸ்திரி. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள் கேஷியர். சீருடை தைக்கும் கம்பெனியில் இருபது வருடத்துக்கு மேல் மிஷின் மிதித்துவிட்டு, இப்போது வேலையை விட்டு மகன் வீட்டுக்குப் போனவள் டெய்லரக்கா. போன் கடைப் பெண் வந்து ஒன்றரை வருடம் ஆகியும் அவளுக்குப் பின்னால் வேறு யாரும் வராததால் இன்னும் புதுசுதான்.

கட்டில் விஷயத்தில் அங்கே ஒரு சட்டம் இருந்தது. புதிதாக வருகிறவளுக்குக் கதவோரக் கட்டில். அங்கே காற்று கிடையாது. வராந்தா பல்பின் வெளிச்சம் முகத்தில் விழும். குளியலறைக்குப் போகிறவர்கள் எல்லாரும் காலை இடித்துவிட்டு "ஐயோ, சாரி" என்பார்கள். யாராவது காலி செய்தால் அவளுக்குப் பின்னால் இருப்பவர்கள் ஒவ்வொரு கட்டிலாக ஜன்னலை நோக்கி நகர வேண்டும். அதுவும் போகிறவள் படியிறங்குவதற்கு முன்பே. முன்பொரு முறை ஜன்னல் கட்டில் ஒரு நாள் காலியாகக் கிடந்ததைப் பார்த்த மேட்ரன், தன் சித்தி மகளை அதில் கொண்டுவந்து படுக்கவைத்துவிட்டாள். அந்தச் சித்தி மகள் நாலு வருடம் எழுந்திருக்கவில்லை. அதிலிருந்து டெய்லரக்கா போட்டதுதான் இந்தச் சட்டம்.

சட்டத்தின் இன்னொரு பாதி கேஷியர் விஷயத்தில் வந்தது. அவள் இஸ்திரிக்கு முன்பே அந்த அறைக்கு வந்தவள். கல்யாணம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்; ஒன்றரை மாதத்தில் அதே பெட்டியோடு திரும்பி வந்தாள். என்ன ஆயிற்று என்று அவளும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. தன் பழைய கட்டிலில் போய் உட்காரப் போனவளிடம் டெய்லரக்கா மிஷின் ஓட்டுகிற அதே நிதானத்தோடு சொன்னாள்: "போனவ போனவதான்டி. திரும்பி வந்தா புதுசு." கேஷியர் கதவோரத்தில் படுத்தாள். அன்றைக்குக் கட்டில் வரிசையில் அவளுக்கு முன்னால் போய்விட்ட இஸ்திரிக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது ஜன்னல் அவளுடையது.

விடியும் முன்பே எழுந்து முதல் பஸ் பிடித்து ஹோட்டலின் நிலவறைக்குப் போனால், அங்கே ஈரவிரிப்புகள் மலைபோலக் குவிந்திருக்கும். ரோலர் மிஷினின் ஒரு வாயில் விரிப்பைக் கொடுத்தால் மறுபக்கம் அது கண்ணாடி மாதிரி வழவழவென்று வரும். நடுவில் எழும்பும் ஆவி முழுக்க அவள் முகத்துக்குத்தான். கடலைப் பார்த்த அறைகளின் விரிப்புகள் தனி வண்டியில் வரும். அவற்றை மட்டும் மூலைகள் கத்திமுனை போல நிற்க மடிக்க வேண்டும். மதியம் வெளியே வரும்போது கெண்டைக்கால் இரண்டும் கல்லாகியிருக்கும். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் உட்காருவதில்லை. உட்கார்ந்தால் தூங்கிவிடுவாள், இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விடும். முன்பெல்லாம் அறைக்கு வந்து படுத்தாலும் புழுக்கத்தில் புரண்டு புரண்டு, அரைத்தூக்கத்தில் எழுந்து, தலைவலியோடு சாயங்காலத்தைத் தள்ளுவாள். ஜன்னலுக்கு வந்த பிறகுதான் தூக்கம் என்றால் என்ன என்று தெரிந்தது. படுத்ததும் யாரோ கையைப் பிடித்துப் படிப்படியாகத் தண்ணீருக்குள் இறக்குவது போல இருக்கும். கனவே வராது. எழும்போது எந்த ஊர், எந்த வயசு என்று ஒரு கணம் தெரியாமல் கிடப்பாள். அந்த ஒரு கணத்துக்காகவே காலையிலிருந்து நிற்கலாம் போலிருந்தது.

பத்து நாள்கூட ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மூன்று பேரும் அறையில் இருக்கும்போது, படிகளில் பெட்டிச் சக்கரத்தின் தடதடப்பு கேட்டது.

"அக்கா!" என்று புதுசு எழுந்து ஓடினாள்.

"என்னக்கா, எதையாச்சும் மறந்துட்டுப் போயிட்டீங்களா?" என்றாள் கேஷியர்.

"உங்க மூஞ்சியெல்லாம் மறந்து போச்சு. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்." டெய்லரக்கா சிரித்தாள். பயணக் களைப்பில் முகம் கறுத்திருந்தது. பெட்டியை அறையின் நடுவில் நிறுத்தி, பழக்கதோஷத்தில் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

இஸ்திரி எழுந்தாள். எழுந்தாள் என்றும் சொல்ல முடியாது. முழங்கையை ஊன்றி முதுகைப் பாதி தூக்கினாள், அவ்வளவுதான். 'வாங்கக்கா, உங்க இடம்' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது.

அதற்குள் கேஷியர் முந்திக்கொண்டாள். "திரும்பி வந்தா புதுசுதானேக்கா? சட்டம் அப்படித்தானே?"

புதுசு தரையைப் பார்த்தாள்.

"ஆமாண்டி, நான் போட்ட சட்டம் எனக்குத் தெரியாதா?" என்ற டெய்லரக்கா, பெட்டியை உருட்டிப் போய்க் கதவோரக் கட்டிலில் உட்கார்ந்தாள். ஸ்பிரிங் முனகியது. "இதுல படுத்து எத்தனை காலமாச்சு! இன்னும் அதே பள்ளம்."

"நான் தப்பா சொல்லலக்கா" என்றாள் கேஷியர். குரல் இறங்கியிருந்தது. "உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு இருந்தா நல்லாருக்காது. உங்களுக்கு மாத்தினா எனக்கும் மாத்தணும்."

"யாருடி மாத்தச் சொன்னது? போய் டீ போடு. வழியில விக்கிற டீயக் குடிச்சு நாக்கு செத்துப்போச்சு."

இஸ்திரி மெதுவாக முதுகைத் திரும்பக் கீழே வைத்தாள். கேஷியர் சொன்னது அவளுக்குப் புரிந்தது. ஜன்னலை அக்காவுக்குக் கொடுத்தால் அதோடு நிற்காது. அடுத்ததைக் கேஷியர் கேட்பாள், கேட்பது நியாயமும்கூட. இவள் மூன்றாவதுக்குப் போய்விடுவாள், பழைய புழுக்கத்துக்கும் கீழே. ஆறு வருடம் கட்டில் கட்டிலாக நகர்ந்து வந்தது ஒரே வார்த்தையில் போய்விடும்.

போகும்போது டெய்லரக்கா தன் வாளியைப் புதுசுக்கும் தலையணையைக் கேஷியருக்கும் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். மறுநாள் காலை அவள் குளியலறை வாசலில் நின்று, "ஏ பொண்ணு, உன் வாளியக் கொஞ்சம் குடு, குளிச்சிட்டுத் தரேன்" என்று கேட்டாள். புதுசுக்கு அழுகை வந்துவிட்டது. "அழறதுன்னா அந்த வாளியில அழு. தண்ணி வேற வரல" என்றாள் டெய்லரக்கா.

கம்பெனியில் அவள் மிஷினில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டாள். சட்டைகளை அறைக்கு எடுத்துவந்து பொத்தான் தைத்துக் கொடுக்கும் வேலை மட்டும் கிடைத்தது. கேஷியரும் புதுசும் ராத்திரிதான் வருவார்கள். அதனால் மதியம் அறையில் இவர்கள் இரண்டு பேர்தான். ஜன்னலோரத்தில் இஸ்திரி. கதவோரத்தில், மடியில் சட்டைக் குவியலோடு, பகலிலும் எரியும் வராந்தா பல்பு வெளிச்சத்தில் ஊசி கோர்த்தபடி டெய்லரக்கா.

ஒவ்வொரு நாளும் ரோலர் மிஷின் முன்னால் நின்று இஸ்திரி ஒத்திகை பார்த்தாள். 'அக்கா, பகல்ல மட்டும் நீங்க இங்க உக்காந்துக்குங்க.' இப்படிச் சொன்னால் சட்டமும் உடையாது. ஆனால் பகல்தானே காற்று? பகலைக் கொடுத்துவிட்டால் மிச்சம் வெறும் இரும்புக் கட்டில்தான். விரிப்பு மறுபக்கம் வழவழவென்று வந்து விழும்போது அவளுக்குத் தன்மேலேயே எரிச்சலாக வரும். இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று பஸ் ஏறுவாள். படியேறி, செருப்பை உதறி, படுப்பாள். காற்று வரும். எழும்போது சாயங்காலம் ஆகியிருக்கும்.

ஒருநாள் தைரியம் வந்து, "அக்கா" என்றாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. ஃபேன கூட்டி வைக்கவா?"

"அது ஏற்கெனவே அஞ்சுலதான்டி சுத்துது. நீ தூங்கு."

தூங்கினாள். அதுதான் அவளுக்கே தாங்கவில்லை. ஒரு நாளாவது தூக்கம் வராமல் புரண்டிருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். உடம்புக்கு வெட்கமே இல்லை. படுத்தால் தூங்கிவிடுகிறது.

இன்னொரு நாள், கேட்காமலே டெய்லரக்கா சொன்னாள். நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, சட்டையிடம் சொல்வது மாதிரி.

"ரொம்ப நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. குறையே சொல்ல முடியாது. ஒரு வாரம் முடியற அன்னிக்குப் பையன் வந்து டிக்கெட்ட நீட்டினான். திரும்பிப் போறதுக்கு. 'ஜன்னலோர சீட்டாப் பாத்துப் போட்டேம்மா, உங்களுக்குப் பிடிக்குமே'ன்னான்."

இஸ்திரி எழுந்து உட்கார்ந்தாள். "வேலைய விட்டுட்டு வந்தேன்னு சொல்லலையாக்கா?"

"கேக்கலையேடி. பேத்தியப் பாக்க வான்னான். நான்தான் பெட்டியப் பெருசாக் கட்டிட்டேன்."

"சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, இருங்கன்னுதான் சொல்லுவான். அப்படி ஒரு வார்த்தைய அவன் வாயிலேருந்து புடுங்கணுமா?" ஊசியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். "இதக் கோத்துக் குடு. ஊசிக் காது தெரிய மாட்டேங்குது."

இஸ்திரி போய்க் கோர்த்துக் கொடுத்தாள். கதவோரத்தில் நின்ற அந்தச் சிறு நேரத்திலேயே கழுத்து வியர்த்தது.

அந்த வாரக் கடைசியில் ஒரு மதியம், இஸ்திரி தூக்கத்தில் இறங்கிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. டெய்லரக்கா குரலைத் தாழ்த்திப் பேசினாள். ஆனாலும் கேட்டது.

"சாப்பிட்டேன்டா. ம். வேலைக்கு இன்னிக்கு லீவு. சும்மாத்தான் உக்காந்திருக்கேன்... ஜன்னல்கிட்டதான்டா, வேற எங்க? காத்து பிச்சுக்கிட்டுப் போகுது."

இஸ்திரி கண்ணைத் திறக்கவில்லை.

"என்னது? இப்பவா? வேண்டாண்டா, தலைகூட வாரல... அவளா கேக்கறா?"

பிறகு போனிலிருந்து ஒரு பெண்குரல், தூரத்திலிருந்து கூவுவது மாதிரி: "அத்தை, வீடியோவுல வாங்க! பாப்பாவுக்கு உங்க ஜன்னலக் காட்டுங்க. எப்பப் பாத்தாலும் அதப் பத்தியே சொல்லுவீங்கல்ல!"

"இரும்மா, இரு. இந்த போன்ல எங்க அமுக்கணும்னு தெரியல. நானே திருப்பிக் கூப்பிடறேன்."

பேச்சு நின்றது. சட்டைகள் மடியிலிருந்து தரையில் சரிந்தன. வெறுங்கால்கள் இரண்டாவது கட்டில்வரை வந்து நின்றன. இஸ்திரிக்குக் கண்ணை மூடியபடியே தெரிந்தது: அக்கா நிற்கிறாள், எழுப்பலாமா என்று பார்க்கிறாள், எழுப்ப மாட்டாள். போன் மறுபடி அடித்தது. கால்கள் அசையவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது.

இஸ்திரி உருண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். தூக்கத்தில் புரள்கிறவள் போலத்தான் புரண்டாள். போர்வையைத் தலைக்கு மேல் இழுத்து, காலை மடக்கி, கட்டிலில் பாதிக்குமேல் காலியாகும்படி தன்னைச் சுருக்கிக்கொண்டாள்.

பிறகு மெத்தை தாழ்ந்தது.

"தெரியுதா? ஆ, தெரியுது தெரியுது. என் தங்கம்! இங்க பாரு, பாட்டி முடியப் பாரு, எப்படிப் பறக்குது பாரு!" டெய்லரக்காவின் குரல் அந்த அறையில் இவள் கேட்டே இராத ஒரு குரலாக இருந்தது. குழந்தை ஏதோ கத்தியது. "கடல் தெரியாதும்மா, கட்டடம் மறைக்குது. காத்து மட்டும்தான் வரும். அதான் போதுமே."

போர்வைக்குள் மூச்சு முட்டியது. வியர்வை காதோரம் வழிந்தது. இஸ்திரி மூச்சை அடக்கிக்கொண்டு சுவரின் உப்புச் சொரசொரப்பில் மூக்கை வைத்துக் கிடந்தாள். சீக்கிரம் முடிந்தால் தேவலை என்று ஒரு பக்கம் இருந்தது. முடிந்ததும் அக்கா எழுந்து அந்தப் பள்ளத்துக்குத் திரும்பிப் போவாளே என்று இன்னொரு பக்கமும் இருந்தது.

"சரிம்மா. வைக்கிறேன். தூங்க வையுங்க அவள."

போன் அணைந்தது. டெய்லரக்கா எழுந்திருக்கவில்லை. ஜன்னல் கம்பியில் காற்று மெலிதாக இரைந்தது. இஸ்திரி காத்திருந்தாள்; பிறகு போர்வையைக் கண்வரைக்கும் மட்டும் இறக்கினாள். அக்காவின் முதுகு தெரிந்தது, சட்டை வியர்வையில் ஒட்டி, காய்ந்து, ஓரங்களில் மட்டும் படபடக்கிற முதுகு. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஜன்னல் சட்டத்தில் முட்டிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தபடியே தூங்கிப் போயிருந்தாள்.

கால் மரத்துக்கொண்டு வந்தது. நீட்ட வேண்டுமானால் போர்வையை விலக்க வேண்டும். போர்வையின் மறுமுனை டெய்லரக்காவுக்கு அடியில் மாட்டியிருந்தது. லேசாக இழுத்தாலும் விழித்துக்கொள்வாள். இஸ்திரி துணியை விரல்களில் பிடித்தபடி, இழுக்காமல், சுவரோரமாகக் கிடந்தாள்.