தம்பி வீட்டுத் தண்ணி

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சுவரைப் பல்லாலயே கடிச்சுத் துப்பியிருப்பேன். எங்க மாமனார் கட்டின சுண்ணாம்பு வீடு அது. நடுச்சுவருக்கு இந்தாண்ட நாங்க, அந்தாண்ட என் கொழுந்தன். அந்த வீடு பார்க்காத புயலா? ஐப்பசியில நனையும், தையில காயும், அசையாம நிக்கும்.

எங்க ஊர்ல பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கின அடுத்த வருஷம் கொழுந்தன் கலியமூர்த்தி சைகோன்ல இருந்து பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷனோட வந்து சேர்ந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? நடுச்சுவரை ஒட்டியே குளியலறை கட்டி, சுவருக்குள்ள குழாய் பதிச்சான். திருகினா தலையில மழையா கொட்டும். அதுக்கு பிரெஞ்சுல தூஷுன்னு பேராம். துரைக்கு வேளைக்கு ஒரு குளியல். பொண்டாட்டி செல்வாம்பாளுக்கும் அப்படியே.

அந்தாண்ட அவங்க குளிக்க, இந்தாண்ட என் சுவர் வேர்த்தது. காலையில நனைஞ்சது காயறதுக்குள்ள மத்தியானம் மறுபடி நனையும். அடிமேல் அடி அடிச்சா அம்மியே நகரும், சுண்ணாம்பு எம்மாத்திரம்? முதல்ல வெள்ளையா உப்புப் பூத்தது. அப்புறம் பூச்சு உப்பி, தொட்டா மாவா உதிர்ந்தது. இருக்கிறது ஒரே அறை, அந்தச் சுவரோரம்தான் எங்க வீட்டுக்காரர் கட்டில். மில்லுல பஞ்சுத்தூசி தின்ன நெஞ்சு அவருக்கு. ஈரம் ஏற ஏற இழுப்பும் ஏறுச்சு. படுக்க முடியாம உட்கார்ந்தே தூங்கினாரு.

குளியலறையைக் கொல்லைப்பக்கம் மாத்திக்கோன்னு கொழுந்தன்கிட்ட கெஞ்சிப் பார்த்தேன். உங்க பக்கம் பராமரிப்பு போதாது அண்ணின்னு எனக்கே பாடம் நடத்தினான். இவராச்சும் கேக்கக் கூடாதா? அவன் சின்னப் பையன், விடுடீன்னாரு. நாப்பது வயசுச் சின்னப் பையன்!

கடைசியில தம்பி பெரிய மனசு பண்ணி, கொத்தனாரை அனுப்பி என் பக்கத்துல இடுப்பு உசரத்துக்குச் சிமெண்டு பூசிக் கொடுத்தான். சுவர் வழுவழுன்னு இருந்தது. பார்த்தியா என் தம்பியைன்னு இவருக்குப் பெருமை தாங்கல. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சா ஆச்சா? குளியல் நின்னாத்தானே ஈரம் நிக்கும்? வெளியே வர வழியில்லாம தண்ணி சுவருக்குள்ளேயே மேல ஏறுச்சு. சிமெண்டுக்கு மேல இருந்த சுண்ணாம்பெல்லாம் ஊறிப் போச்சு.

மார்கழியில ஒரு நாள் காலையில இவரு கட்டில்ல சாஞ்சு கஞ்சி குடிச்சுக்கிட்டிருந்தாரு. மேல் பூச்சு பாளமா கழண்டு அவர் தோள்ல விழுந்தது. வாய், மூக்கெல்லாம் சுண்ணாம்பு. கட்டில்ல இருந்து கீழே இழுத்துப் போட்டேன். மூச்சுக்குத் தவிச்சாரு மனுஷன், கண்ணு ரெண்டும் பிதுங்கிடுச்சு. ஐயோ, போயிட்டாருன்னே நினைச்சேன்.

சத்தம் கேட்டு கொழுந்தன் ஈரத்துண்டோட ஓடி வந்தான். அண்ணன் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுத் தரையில கிடக்கறாரு. அவரைத் தாண்டிப் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தான் பாவி.

"உள்ள குழாய் போகுதே. அதுக்கு ஒண்ணும் ஆகலையே, அண்ணி?"

இவரு தலையைத் தூக்கித் தம்பியைப் பார்த்தாரு. அப்புறம் என் தோளைப் பிடிச்சு எழுந்து நின்னாரு.

"கடப்பாரையை எடுடி."

எடுத்துக் கொடுத்தேன். தெருப்பக்கமா சுத்திக்கிட்டு நேரா தம்பி குளியலறைக்குள்ள போனாரு. அண்ணே, அண்ணேன்னு அவன் பின்னாலயே ஓடினான். இவரு திரும்பிக்கூடப் பார்க்கல. மூச்சு இரைக்க இரைக்க அந்தக் குழாய் பதிச்ச சுவரை இடிச்சாரு. போதும்னு நான் ஒரு வார்த்தை சொல்லல.