இன்னும் புயல் இல்லை

1

இந்தக் கதை அகராதியில் பிறந்தது. வேறெதையோ தேடப் போய், பழந்தமிழில் 'புயல்' என்றால் மழைமேகம் என்று படித்தேன். அடடா, மழையைக் கூட்டிவந்த புண்ணியவானை ஊரைச் சுருட்டுகிறவனாக ஆக்கிவிட்டோமே என்று ஒரே பரிதாபம். கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். அக்கா ஒருத்தி உள்ளே வந்துவிட்டாள்.

2

அவள் தம்பி வானிலை நிலையத்தில் அறிக்கை எழுதுபவன். [முதல் வரைவில் அவனைக் கல்நெஞ்சக்காரனாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். பயந்தவன், அவ்வளவுதான்.] காற்று மணிக்கு அறுபத்திரண்டு கிலோமீட்டரைத் தொட்டால்தான் 'புயல்' என்று எழுதலாம், அது அங்கே விதி. அன்று விடியற்காலை கருவி ஐம்பத்தெட்டு காட்டியபோது அக்கா போன் செய்தாள்.

"தம்பி, புயலாடா? படகை எடுக்கலாமான்னு அத்தான் கேக்கறார்."

"இன்னும் புயல் இல்லக்கா."

அத்தான் கிளம்பிவிட்டார். ஒன்பது மணிக்குக் காற்று எழுபதைத் தாண்டியது.

3

கடல் சீறியெழுந்து, வானம் கறுத்து,

(சே, வேண்டாம். அந்தக் கடலை நானும் பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை.)

மறுநாள் மத்தியானம். அவன் மேஜைக்கு எதிரே அக்கா உட்கார்ந்திருக்கிறாள். தேடப் போனவர்களிடமிருந்து தகவல் இல்லை. அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பயம் வந்தால் பாடம் நடத்துகிற ஜென்மம் அவன்.

"அந்தக் காலத்துல புயல்னா மேகம்தான்க்கா. அப்புறந்தான்..."

ஓங்கி ஒன்று விடலாமா என்றிருந்தது எனக்கு. அக்கா விடவில்லை.

"போகலாமான்னுதானடா அத்தான் கேட்டார். நீ வார்த்தைக்கு அர்த்தம் சொல்லியிருக்க."

அவன் மேஜையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அவள் எழுந்து வந்து அவன் தலையில் கைவைத்தாள்.

"காலையில ஏதாவது சாப்டியாடா?"

பாவி மகள், வயிறு எரிகிறபோதும் அதைத்தான் கேட்பாள்.*

* இந்த வரியை நான் யோசித்து எழுதவில்லை. அவளாகக் கேட்டுவிட்டாள்.

4

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் அத்தான் வேறொரு கரையில் ஒதுங்கி, செருப்பு போய்விட்டதென்று திட்டிக்கொண்டே வருகிறார். எனக்குப் பிடித்திருந்தது, நம்பத்தான் முடியவில்லை. இரண்டாவதில் படகு மட்டும்... இல்லை, அது என்னால் ஆகாது.

மூன்றாவதில் மேஜைமேல் போன் அடிக்கிறது. அவன் கையை நீட்டுகிறான். அக்கா தட்டிவிடுகிறாள்.

"நீ எடுக்காத. நீ சுத்தி வளைச்சுச் சொல்லுவ."

அவளே எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறாள்.

மறுமுனையில் இருப்பது நீங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், சீக்கிரம் பேசுங்கள்.