சுக்குவோடு வந்த இடி

அந்த இடி எங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பித்தளை அண்டாவுக்குள் யாரோ ஒரு பூசணிக்காயை மெதுவாக உருட்டிவிட்டது போன்ற சத்தம். பல வருடங்கள் ஆகிவிட்டன. நான் சுக்குவைத் தத்தெடுத்த நாள் அது. நாய்க் காப்பகத்தின் வண்டி வாசலில் நின்றது. முதலில் சுக்குவை இறக்கினார்கள். பிறகு இடியை இறக்கினார்கள்.

பாளையங்கோட்டையில் அதுதான் வழக்கம். தெருவில் அடிபட்ட நாயை வீட்டுக்கு எடுத்துக்கொண்டால், அது எதற்குப் பயப்படுகிறதோ அதையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பிரித்து வைத்தால் இரண்டும் இளைத்துப்போகும். மாடி வீட்டு இசக்கியப்பன் அண்ணாச்சியின் நாயோடு ஒரு விளக்குமாறு வந்தது. கூடத்தில் அதற்கென்று ஒரு நாற்காலி உண்டு. அடுத்த தெரு ரூபி வீட்டு நாயோடு மின்சாரக் கணக்கெடுக்கும் ஒருவர் வந்தார். வாசல் அறையில் படுத்துக்கொள்வார். காப்பியில் சர்க்கரை குறைவாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவரால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

எனக்கு வந்த இடி நடுத்தர உருவம், சாம்பல் நிறம். ஓரங்களில் கொஞ்சம் ஈரம் இருந்தது. நல்ல சுபாவம்தான், ஆனால் வெட்கப்பட்டாலும் முழங்கும், தும்மினாலும் முழங்கும். என் கணவர் உயிரோடிருந்தபோது பேப்பர் படித்த மூலையை அதற்கு ஒதுக்கிக் கொடுத்தேன். சுக்கு என் கட்டிலுக்கு அடியில் நுழைந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். இடி அயர்ந்திருக்கும் நேரம் பார்த்து வெளியே வந்து கொஞ்சம் தண்ணீர் குடிப்பாள். சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கால்நடை மருத்துவர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். “உடம்புக்கு ஒண்ணுமில்ல. ஆனா இப்படியே சாப்பிடாம இருந்தா பிழைக்காது” என்றார்.

இசக்கியப்பன் அண்ணாச்சி விசாரிக்க வந்தார். குனிந்து பார்க்க அவருக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. நின்றபடியே கேட்டார்.

“என்ன டீச்சர், நீங்க எடுத்தது நாயா, கட்டிலுக்கு அடியில தள்ளி வச்ச டிரங்குப் பெட்டியா?”

“பயந்திருக்கா அண்ணாச்சி.”

“இடியத் தூக்கிப் பரண்ல போட்டுப் பூட்டுங்க. தானா சரியாப் போகும்.”

பூட்டினோம். பூட்டி வைத்த இடி வளரும். பொழுது சாய்வதற்குள் பரண் கதவு புடைத்துக்கொண்டது, கீழே அடுக்கியிருந்த எவர்சில்வர் தட்டுகள் ஒவ்வொன்றாக நடுங்கின. சுக்கு படுத்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டாள். கதவைத் திறந்ததும் இடி கூனிக்குறுகி இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டது. அந்த மன்னிப்பில் ஜன்னல் கண்ணாடி ஒன்று விரிசல் விட்டது.

“அப்போ நாயை ரெண்டு சாத்து சாத்துங்க” என்றார் அண்ணாச்சி.

“அதுக்குப் பிறகு உங்க கையையும் நான்தான் வீட்டுல வச்சுக் காப்பாத்தணும்” என்றேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மறுநாள் மேலப்பாளையத்திலிருந்து ஹமீதாவை வரவழைத்தேன். நாய் பழக்குவதுதான் அவளுக்குத் தொழில். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவள், கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள். வெகுநேரம் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

“யாரும் அவ மூஞ்சியப் பாக்க வேண்டாம்க்கா. இப்போதைக்குக் கட்டிலுக்கு அடிதான் அவ வீடு. அடுத்தவங்க வீட்டுக்குள்ள கேக்காம கைய விடுவோமா?”

பிறகு இடியின் பக்கம் திரும்பினாள்.

“நீங்க மொட்டை மாடிக்குப் போங்க. தண்ணித் தொட்டிக்கு அந்தப் பக்கமா நின்னு, பூனை நடந்தாப்ல ஒரு சத்தம் கொடுங்க.”

“எனக்குச் சின்னதா வராதே” என்றது இடி. அலமாரி அதிர்ந்தது.

“வரும். வரலன்னா நாளைக்கு வரும். இங்க யாரும் உங்களத் திட்டப் போறதில்ல.”

பழக்கும் முறை எளிமையானது. மாடியில் இடி மெல்ல உறுமும். சத்தம் கேட்ட பிறகு, கீழே நான் ஒரு துண்டு வேகவைத்த ஈரலைக் கட்டிலோரம் உருட்டிவிட வேண்டும். சுக்குவின் உடம்பு விறைத்தால் அன்றைக்கு அவ்வளவுதான். அவள் முகத்தை நக்கிக்கொண்டாலும் கொட்டாவி விட்டாலும் இடி இன்னும் தள்ளி நிற்க வேண்டும் என்று பொருள். மாடியில் இடி சின்னதாக உறுமும்போதெல்லாம் ஹமீதா அதன் வாயில் ஒரு பனங்கற்கண்டு போட்டாள். அதற்கு இதற்கு முன் யாரும் எதுவும் கொடுத்ததில்லை.

ஒரு காலையில் ஈரல் துண்டு காணாமல் போயிருந்தது. நான் அடுப்படிக்குப் போய் இன்னொரு துண்டை வேகவைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கோவிலுக்குப் போகவேண்டியிருந்ததால் அண்ணாச்சி பொறுப்பேற்றுக்கொண்டார். இளகிய மனசு. பசித்த உயிர் என்று ஈரலை முதலில் நீட்டி, பிறகு இடிக்குக் குரல் கொடுத்தார். அன்று முழுக்க அப்படியே செய்தார். நான் திரும்பி வந்தபோது சுக்கு ஈரலைக் கண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள்.

“முன்னாடியே காட்டினா என்ன தப்பு தாயி?” என்று ஹமீதாவிடம் கேட்டார்.

“இடி வந்தா ஈரல் வரும்னு அவ படிக்கணும். நீங்க ஈரல் வந்தா இடி வரும்னு படிப்பிச்சுட்டீங்க. நல்ல வாத்தியாரு.”

வழக்கப்படி ஈரலையும் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அண்ணாச்சி தன் வீட்டிலிருந்து பூப்போட்ட பீங்கான் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து, இடிக்குப் பக்கத்தில் அதைக் குடியமர்த்தினார். சுக்கு மறுபடி பட்டினி கிடந்தாள். விலா எலும்புகள் சீப்பின் பற்கள் போலத் தெரிந்தன. தோற்றுவிடுவோமா என்று கேட்டேன். “அவசரம் நமக்குத்தான்க்கா, அவளுக்கு இல்ல” என்று சொல்லிவிட்டு ஹமீதா முட்டை வேகவைக்கப் போனாள்.

மீண்டும் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தொடங்கினோம். அங்கிருந்து மாடிப்படிக்கு. மாடிப்படியிலிருந்து வாசல் நடைக்கு. சில நாட்கள் முன்னால் வந்தோம், சில நாட்கள் பின்னால் போனோம். சுக்கு முட்டைக்கு மூக்கை நீட்டினாள். பிறகு வாயைத் திறந்தாள். சிறியதாக இருக்கப் பழகிய இடி ஆளும் சிறுத்துவிட்டது. தலையணை அளவுதான் இருந்தது.

ஒரு மத்தியானம் இடி கூடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தது. பிடிக்க முடியாமல், தட்டில் பட்டாணி விழுந்தாற்போல ஒரு சத்தம் வந்துவிட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து சுக்கு தலையை வெளியே நீட்டினாள். இடியைப் பார்க்கவில்லை. முட்டை எங்கே என்று என் கையைப் பார்த்தாள். உரித்துக் கொடுத்தேன், என் உள்ளங்கையிலிருந்தே முழுவதையும் தின்றாள். பிறகு நடந்துபோய் இடியின் ஈரமான ஓரத்தில் தாடையை வைத்துத் தூங்கிப்போனாள். மருத்துவர் பிழைக்காது என்று சொன்ன நாய், அதன்பின் பதினோரு வருடம் என்னோடு இருந்தாள்.

ஹமீதாவுக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். பூப்போட்ட தட்டை இன்றுவரை திருப்பிக் கேட்காத அண்ணாச்சிக்கும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். ஆனால் ஜெபத்தில் முதலில் நினைவுக்கு வருவது இடிதான். முழங்குவதற்கென்றே பிறந்த ஒன்று, தனக்குப் பயந்த ஒரு நாய்க்காகத் தன்னைக் குறைத்துக்கொண்டது. எனக்கு வேண்டியவர்களில்கூட அப்படிச் செய்தவர்கள் குறைவு.

பயம் தீர்ந்த வீட்டில் பயமுறுத்திய பொருள் தங்கக்கூடாது என்பதும் வழக்கம்தான். அண்ணாச்சி இடியைக் களக்காடு பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அங்கே ஒரு வாழைத்தோட்டத்தில் வேலை கிடைத்தது. தை மாதம் அதற்குக் கல்யாணம் ஆயிற்று. பெண், ஆற்றின் மேலிருந்த பழைய ரயில் பாலம். இருவரும் தனிக்குடித்தனம் இருக்கிறார்கள். பாலம் குடிபோனதிலிருந்து ரயில்கள் ஆற்றைச் சுற்றிக்கொண்டு போகின்றன.